லைல் அடிக்காத கோல்

ஹார்ட்வெல்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் மேவிஸ் அம்மையார் அவர்களுக்கு, தங்கள் வாரப் பத்திரிகையின் இருபத்தாறு ஆண்டு வாசகனும், ஹார்ட்வெல் ஐஸ் ஹாக்கி அணியின் பின்வரிசை ஆட்டக்காரனும், தொழிலால் குழாய் பழுது பார்ப்பவனுமாகிய மோரிஸ் டுபிக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பெர்னிஸும் நலம். தாங்களும், தங்கள் கணவரும், ஜனவரியில் தபால் நிலைய வாசலில் வழுக்கி விழுந்த தங்கள் இடுப்பும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. நேற்றைய இதழின் முதல் பக்கத்தில் "கோல்கீப்பரே கோல் அடித்தார்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் மைத்துனர் திரு. லைல் ஹாகன் இருக்கிற பற்களையெல்லாம் காட்டி நிற்கும் படத்தையும் அரைப் பக்கத்துக்குப் பிரசுரித்திருக்கிறீர்கள். போன கோடையில் பள்ளிக்கூடக் கூரை காற்றில் பறந்த செய்திக்கே மூன்றாம் பக்கத்தில் நாலு வரிதான் கொடுத்தீர்கள் என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். அம்மா, லைல் கோல் அடிக்கவில்லை. லைல் படுத்திருந்தார். தங்கள் நிருபர் அந்த நேரம் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்களுக்கும் லைலின் ஊரான பிட்டர் கிரீக்குக்கும் இறுதி ஆட்டம். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கோப்பை ஹார்ட்வெல்லுக்கு வரவில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது, முட்டி போய்விட்டது, இதுதான் என் கடைசி ஆட்டம் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தேன், கோப்பையோடுதான் வீட்டுக்கு வருவேன் என்றும் வாய் விட்டிருந்தேன். ரெஃப்ரி யார் என்றால் நோரீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளே, அவளேதான். ஓடுகிற பஸ்ஸில் ஒரு பிள்ளை எழுந்து நிற்க விடமாட்டாள், பனித்தளத்திலும் அதே சட்டம்தான். முதல் பகுதியில் எங்கள் கெல்வின் ஓங்கி ஒரு அடி அடித்தான், ரப்பர் வட்டு கம்பத்தில் மோதி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி வலைக்குள்ளேயும் ஒரு பாதி வெளியேயும் விழுந்தது. நாங்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தோம். நோரீன் இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முழு வட்டும் கோட்டைத் தாண்டினாத்தான் கோல். பாதிக்குப் பாதி குடுக்க நாம என்ன கேக்கா வெட்டுறோம்"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டா. சரி, விதி அப்படி. இரண்டாம் பகுதியில் கெல்வின் மறுபடி அடித்தான், அது நேரே நோரீனின் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. "ரெஃப்ரி மேல பட்டு நேரா உள்ள போனா கோல் கிடையாது. வலிக்கிறது எனக்கு, மூக்கைச் சிந்துறது நீங்களா"ன்னு கேட்டா. அதுவும் விதிதானாம்.

மூணாவது கொடுமையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாங்க அடிச்ச வட்டு லைல் கிட்ட போன வரைக்கும் எல்லாரும் பார்த்தோம், அப்புறம் காணோம். லைலும் தேடினான். முன்னால தேடினான், காலுக்கடியில தேடினான், கடைசியில பின்னால கிடக்குமோன்னு சறுக்கிக்கிட்டே தன் வலைக்குள்ளயே போய் நின்னு குனிஞ்சான், அவன் கால்சட்டைக்குள்ளேர்ந்து வட்டு டொப்புன்னு வலைக்குள்ள விழுந்துச்சு. வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்த மாதிரி ஒரு கோல். ஆனா நோரீன் அதுக்கு முன்னாடியே விசில் ஊதிட்டாளாம், வட்டு கண்ணுக்குத் தெரியலைன்னா ஆட்டம் நின்னுச்சாம். "நான் ஊதினதுக்கப்புறம் அவர் கால்சட்டையிலேர்ந்து கோழிமுட்டை விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை"ன்னா.

இப்படி மூணு கோல் விதிப்படி செத்தும், விதி அனுமதிச்ச மூணு கோல் எங்களுக்கு இருந்தது. அவங்களுக்கும் மூணு, மூணையும் அடிச்சது ட்ரென்ட். ஆட்டம் முடிய மூணு நிமிஷம் இருக்கையில அந்த ட்ரென்ட் கெல்வினோட காலைத் தட்டி விட்டான். நோரீன் கையைத் தூக்கினா. தப்பு பண்ணின அணி வட்டைக் கைப்பற்றுகிற வரைக்கும் விசில் கிடையாது, அதனால எங்க கோல்கீப்பர் தன் இடத்தை விட்டு வெளியேறி, பதிலுக்கு இன்னொரு ஆள் அடிக்க உள்ளே வந்தான். எங்க வலை காலி. காலியா இருந்தா என்ன, அது இருக்கிறது அந்தக் கோடியில. கெல்வின் அடிச்சான், லைல் வழக்கம்போல ஒரு விநாடி பிந்தி விழுந்தான், வட்டு டங்குன்னு கம்பத்துல மோதி என் மட்டைக்கு வந்துச்சு. எட்டடி தூரம். எதிரே திறந்து கிடக்கிற வலை. குப்புறக் கிடக்கிற லைல். கண்ணு தெரியாதவன்கூட அடிச்சிருப்பான்.

அம்மா, நான் முப்பது வருஷம் பின்வரிசையில் ஆடினவன். வட்டு கிடைத்தால் பின்னால் இருக்கிறவனுக்குத் தள்ளு என்றுதான் என் கைக்குத் தெரியும். தள்ளிவிட்டேன். பின்னால் யாரும் இல்லை.

அது வேகமாகக்கூடப் போகலை. ஓய்வூதியம் வாங்குறவர் தபால் நிலையத்துக்குப் போற மாதிரி, அவசரமும் இல்லாம, நிக்கவும் இல்லாம போச்சு. நான் இந்த முட்டியை வெச்சுக்கிட்டுத் துரத்தினேன். அரங்கம் பூரா கேன்டீன்ல எண்ணெய் கொதிக்கிறதுதான் கேட்டுச்சு. நூறு தடவை குறி பார்த்து அடிச்சாலும் எனக்கு வராத அளவுக்கு எங்க காலி வலையோட நட்டநடுவுல போய் உட்கார்ந்துச்சு. நாலுக்கு மூணு, கோப்பையும் அவங்களோடயே போச்சு.

தன் வலையில் தானே அடித்துக்கொண்டால், எதிரணியில் கடைசியாக வட்டு யார் மேல் பட்டதோ அவர் பேரில் எழுத வேண்டுமாம். "கடைசியா பட்டது லைல் மேல. லைல்னு எழுதுங்க" என்றாள் நோரீன். லைல் அப்பவும் எழுந்திருக்கலை. அவன் ஆளுங்க அவன் மேல போய் விழுந்தாங்க. உதைக்க வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டு, "மன்னிச்சிடுங்கடா, அடுத்ததைப் புடிச்சிடுறேன்"ன்னான். "டேய், நீ கோல் அடிச்சிருக்கடா"ன்னாங்க. "எங்க"ன்னு கேட்டான்.

இந்த ஆள் மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரோகிக் கொழுக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, கோல் அடித்த விதத்தை எனக்கு விளக்குகிறான்.

"எல்லாம் நிக்கிற இடத்துல இருக்கு மச்சான்."

"நீ எங்கடா நின்ன, படுத்துல்ல கிடந்த."

"அதான் சரியான இடம்."

என் மனைவி அவன் தட்டில் இன்னும் இரண்டு வைத்தாள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். வட்டு பட்டது கம்பத்தில், லைல் மேல் அல்ல. டங் என்ற சத்தத்தை எட்டடியில் நின்று நான் கேட்டேன், லைலின் மண்டையை அறிந்தவர்கள் இரண்டு சத்தத்தையும் குழப்பிக்கொள்வது இயல்பே. அந்தக் கோலை, அதற்கு முன் கடைசியாகத் தொட்ட ட்ரென்ட் பேருக்கு மாற்றி, அதே முதல் பக்கத்தில், அதே எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். மறுத்தால், அடுத்த குளிரில் தங்கள் வீட்டுக் குழாய் உறையும்போது பிட்டர் கிரீக்கில் ஆள் தேடிக்கொள்ளலாம்.

தங்கள் இல்லத்தில் அடுப்பும் அன்பும் அணையாதிருக்க வாழ்த்தும்,
மோரிஸ் டுபிக்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது நோரீன் வந்துவிட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பஸ்ஸை வாசலிலேயே உறுமவிட்டு வந்தாள். யாரோ லீக் சங்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார்களாம், செல்போனில் எடுத்த படத்தில் ஒருத்தர் தொப்பிதான் தெரிகிறதாம். "மோரிஸ் அண்ணே, நீங்கதான் கிட்ட இருந்தீங்க. லைல் மேல பட்டுச்சா, கம்பத்துல பட்டுச்சா? நீங்க சொல்றதை எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். உங்கள் பத்திரிகையில் ஆறு பிரதி வாங்கிக்கொண்டு லைல் என் மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். பிரதிகளை ஒழுங்காக அடுக்கினான். இருபத்திரண்டு வருஷமாக வலை காக்கிறான். "ஒன்பது கோல் விட்ட லைல்", "பதினொன்று விட்ட லைல்" என்றுதான் அவன் பேர் உங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறது. "தலையில பட்டுச்சு, நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு லைல் மெதுவாக, "நெசமாவே பட்டுச்சா மச்சான்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். நல்லாவே பட்டுச்சு என்றேன்.

ஆகையால் மேலே உள்ளது எல்லாம் பொய் என்று கொள்ளவும், எதையும் அச்சிட வேண்டாம். இன்னொன்று. கோல் அடித்தவன் பேரோடு, வட்டைத் தள்ளிக் கொடுத்தவன் பேரையும் சேர்த்துப் போடுவதுதான் முறை, மச்சான் பேரை விட்டுவிட்டார்களே என்று லைல் ரொம்ப வருத்தப்படுகிறான், திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருகிறானாம். தயவுசெய்து சேர்க்காதீர்கள்.