ரதிதேவியின் திவசம் செவ்வாயா, புதனா?

சிவமயம்

லின்ஃபீல்ட்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மச்சான் யசீகரனுக்கு,

நீரும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூரான் துணை. நான் நலமில்லை; காரணம் நீர்தான். போனை எடுக்கிறீரில்லை, ஆகவே மின்னஞ்சல்.

உமது அக்கா ரதிதேவி போய் ஒரு வருசம். ஆட்டைத் திவசம் இன்றைக்குத்தான் என்று யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். அவ கண்ணை மூடியது இங்கே ஒக்லண்டில். மத்தியானத்தில் செய்யவேண்டிய காரியம் இது. அங்கே இன்று காலை திதி தொடங்கும்போது இங்கே மத்தியானம் தாண்டிவிடும், ஆகவே இங்கே நாளைக்குத்தான் என்று கோயில் ஐயரே சொன்னார். "உலகமெல்லாம் ஒரே நாள்தான் அத்தான், புதுசா ஒண்டும் கதைக்காதேங்கோ" எண்டு ஞாயிற்றுக்கிழமை நீர் கத்த, எனக்கும் விசர் வந்து, "நீர் உலகம் தட்டை எண்டு நம்பின மத்திய காலத்து ஆள்" எண்டு கத்திப்போட்டன். போனை வைச்சிட்டீர்.

பக்கத்தில் நின்றவள் மகள் நிருஜா. சரித்திர ரீச்சருக்கு வாய் சும்மா கிடக்குமா? "அப்பா, மத்திய காலத்தில படிச்ச ஆக்கள் உருண்டை எண்டுதான் சொன்னவை. பாதிரிமாரும் அப்பிடித்தான் படிப்பிச்சவை. பஞ்சாங்கக் கணக்குப் போட்டவையும் உருண்டை எண்டு வைச்சுத்தான் போட்டவை. தட்டை எண்டு நம்பினவை எண்டது பிறகு கட்டிவிட்ட கதை" எண்டாள். ஆகவே மச்சான், உம்மை அவையோடு ஒப்பிட்டதை வாபஸ் வாங்குகிறேன். அவை உம்மைவிடக் கெட்டிக்காரர்.

நேற்று ஒத்திகைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் பார்த்தேன். அடிப்பிடித்து, புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டு நல்லசாமி "என்னங்க ஆச்சு?" என்று வாளித் தண்ணியோடு ஓடி வந்தார். "சமையல்" எண்டன். தேங்காய்ப்பாலை எப்ப விடுறது எண்டு கேக்க அவ இல்லையே, மச்சான். படைச்சாலும் இங்கே சோறு வைக்கக் காகமில்லை; பிளாக்ஹவுஸ் பே கடற்கரைப் பக்கமிருந்து கடற்பறவைதான் வரும்.

என்ன ஆனாலும் திவசம் நாளைதான். இன்றைக்கு இந்த வீட்டில் இலை போடமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முழு ஆசி. உமக்குப் பாதி.

இப்படிக்கு,
அத்தான் மகேசன்

பி.கு.: இதை இன்னும் அனுப்பவில்லை. இங்கே பொழுதுபட்டிட்டுது. அங்கே இப்ப மத்தியானம். நீர் இலை போட்டுக்கொண்டிருப்பீர். கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, "யாழ்ப்பாணம் போவம், தம்பியைப் பாக்கவேணும்" எண்டுதான் அவ கேட்டுக்கொண்டிருந்தவ. கண்ணை மூடினதும் அங்கதான் வந்திருப்பா. அப்ப அவவுக்குத் திவசம் இண்டைக்குத்தானே? இருட்டினாப் பிறகு செய்யக்கூடாதாம். எண்டாலும் நானும் இலை போட்டிட்டன். பால்கறி இண்டைக்கும் அடிப்பிடிச்சிட்டுது. அக்காவின்ர இலையில இன்னும் ஒரு கரண்டி கூட விடும், தம்பி.