ஒரு கியூ.டி. எண்ணெய்

கணக்குப் படித்தவனை நம்பி எதையும் அளக்கக் கொடுக்காதீர்கள். நான் பி.எஸ்சி. கணிதம், அதுவும் முதல் வகுப்பு. அந்தத் திமிரில்தான் மாமனாரின் இன்ஜினைக் கொன்றேன்.

கல்யாணமாகி மூன்று மாதம். வேலை போய், மரக்காணத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமனாருக்கு உப்பளம் உண்டு. "இந்த சீசன் நீங்களே பாத்துக்குங்க மாப்ள" என்று இன்ஜின் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். எனக்கு இது மானப் பிரச்சினை. (பேர் வாங்காவிட்டால் மாமியார் ஊற்றும் சாம்பாரில் முருங்கைக்காய் வராது.)

உப்புத்தண்ணீர் இறைக்க மாமனார் ஒரு பழைய வெளிநாட்டு இன்ஜின் வாங்கி வந்திருந்தார். அதன் வயிற்றில் இங்கிலீஷில் ஒரு ஸ்டிக்கர்: 'ஆயில் 1 கியூ.டி.'

"கியூ.டி.ன்னா இன்னா மாப்ள?"

கணிதப் பட்டதாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குவார்ட்டர்தான் மாமா. நூத்தி எம்பது மில்லி." (நம் ஊரில் பச்சைக் குழந்தையும் அறிந்த அளவு அதுதானே!)

உப்பளத்து வரப்பில் காலி குவார்ட்டர் பாட்டிலுக்கா பஞ்சம்? ஒன்றைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெயை ரொப்பி, ஒரு சொட்டு சிந்தாமல் இன்ஜினில் ஊற்றினேன்.

"இம்மாம்பெரிய இன்ஜினுக்கு இது பத்துமா?" என்று மாமனார் இழுத்தார்.

"ஃபாரின் இன்ஜின் மாமா, கம்மியாதான் குடிக்கும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று இன்ஜினையும் கெடுத்தேன். இருபது நிமிடம் ஜம்மென்று ஓடியது. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முதலாளி மாதிரி நின்றேன். திடீரென்று 'கிர்ர்... டொக்'. கருகல் வாடை. அவ்வளவுதான். உப்புப் பாத்தியை மிதித்துச் சமப்படுத்த வந்த ஆட்கள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளியனூரிலிருந்து மெக்கானிக் வந்தார். மஸ்கட்டில் பத்து வருடம் ஸ்பானர் பிடித்தவர்.

"எண்ணெய் எவ்ளோ ஊத்துனீங்க?"

"குவார்ட்டர்ங்க."

"தம்பி, நீங்க ஊத்திக்கினத கேக்கல. இன்ஜினுக்கு ஊத்துனத கேட்டேன்."

நான் பாட்டிலைக் காட்டினேன். அவர் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்ய, கியூ.டி.ன்னா குவார்ட்டுப்பா! அமெரிக்காகாரன் கேலன்ல கால்வாசி. நம்ம லிட்டருக்கு ஒரு அம்பது மில்லிதான் கம்மி. அஞ்சு பாட்டிலுக்கு மேல ஊத்துற எடத்துல ஒண்ணு ஊத்தி சாவடிச்சிட்டியே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாவியை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "வுடுங்க மாப்ள, சாப்பிடப் போலாம்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரே எனக்குப் பேர் வைத்துவிட்டது: குவார்ட்டர் மாப்ள. எதற்கு வைத்தோம் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். பேரை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. வீட்டிலேயே இப்போது அதுதான் என் பேர்.

போன மாதம் வயிற்றுவலி என்று புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் போனேன்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"சத்தியமா இல்ல டாக்டர், மோந்துகூடப் பாத்ததில்ல."

அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மாமனார் கதவைத் தள்ளிக்கொண்டு பதறியடித்து உள்ளே வந்தார்.

"டாக்டர், எங்க குவார்ட்டர் மாப்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'இல்லை'யை அடித்தார். லிவர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.