போர்வைக்குள் தொலைந்த பாக்கெட்டுகள்

தேயிலை ஃபேக்டரி ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி புனிதனுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மூட்டைகளை எண்ணுவான். எண்ணிய தன் மேலேயே சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணுவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே திருட்டு நடந்தால் சும்மா இருப்பானா?

ஹாலில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் அவன் மனைவி யோகேஸ்வரியிடம் ரவிக்கை தைக்கப் பெண்கள் வருவார்கள். ஹாலில் ஆண்வாடை கூடாது. அதனால் ஹாலில் ஓடும் கேமை வைஃபை வழியாகப் படுக்கையறை லேப்டாப்புக்கு இழுத்து, போர்வைக்குள் குந்திக்கொண்டு விளையாடுவான். போர்வை எதற்கு என்றால் குளிர் என்பான். குளிர் பாதிக் காரணம். வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் காதில் விழாது என்பது மீதி.

ஒரு வாரமாகப் படம் சிதறியது. துப்பாக்கியைத் தூக்குவான், படம் உறையும். படத்துக்கு உயிர் வரும்போது இவன் செத்துக் கிடப்பான். ரிங்லெட்டிலிருந்து கூட்டாளி குகனேஸ்வரன் ஹெட்போனில் கத்தினான்.

“சனிக்கிழமையும் செத்தேன்னா, கேப்டன் நீ இல்ல லா. பிரிஞ்சாங்ல மீரான் ரெடியா இருக்கான்.”

புனிதன் சொல்லி நாலு பேர் கேட்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

“யோகேஸ்! பாக்கெட்டு காணாமப் போவுது!”

“ஐயோ, ஃபேக்டரியிலயா? துரைக்குத் தெரியுமா?”

“தேயிலை பாக்கெட்டு இல்ல. படம் துண்டு துண்டா, பாக்கெட் பாக்கெட்டா வருது. பாதி வந்து சேரல. எவனோ லைனைத் திருடுறான்.”

“யாருங்க?”

“பக்கத்து வீட்டு சாமிநாதன்தான். லோரி ஓட்டுறவன் காலையில என்னைப் பார்த்து எதுக்குச் சிரிச்சான்?”

“நீங்க அவரு செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனீங்க.”

பாஸ்வேர்டை மாற்றினான். படம் சிதறியது. மலைப்பனியில் வைஃபை நனைந்துபோகிறது என்று ரௌட்டருக்குக் குரங்குக் குல்லா மாட்டினான். ரௌட்டர் கொதித்தது, படம் சிதறியது. கடைசியில் சந்தேகம் மனைவி மேலேயே திரும்பியது. ஒரு வாரமாக அவள் வெங்காயத்துக்குக் கூப்பிடவே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் விசாரணையைத் தொடங்கினான். ஹால் கம்ப்யூட்டருக்குச் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பியபடியே கட்டிலிலிருந்து கத்தினான்.

“தையல் மிஷினை நிறுத்து!”

“நிறுத்திட்டேன்.”

“இன்னும் காணாமப் போவுது. டிவி?”

“அதையும் அணைச்சிட்டேன்.”

“குசினியில என்ன சத்தம்?”

“மைக்ரோவேவுங்க. கறி சூடாவுது.”

“நிறுத்து!”

நிறுத்தினாள். ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. மறுபடி போடச் சொன்னான். கொத்துக் கொத்தாகத் தொலைந்தது. புனிதன் போர்வையோடு குதித்தான்.

“புடிச்சிட்டேன்! வைஃபையும் மைக்ரோவேவும் ஒரே அலையில மோதுது!”

“உங்க மூளைக்கு நீங்க துரையாவே ஆகியிருக்கணும்” என்றாள் யோகேஸ்வரி. “ஆனா கறியைச் சூடு பண்ணாம எப்படிங்க?”

“கேபிள் போட்டா ஒண்ணும் பண்ணாது. ஆட்டம் ஆரம்பிக்கப் போவுதே, இப்ப கேபிளுக்கு எங்க போறது?”

அவள் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தாள். “போன பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மலிவா இருந்துச்சு, வாங்கி வச்சேன்.”

பிறந்ததிலிருந்து புனிதன் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்தச் சுருள்தான். அவ்வளவு அவசரம். ஹாலிலிருந்து இழுத்தான். கேபிள் குசினி மேசை வரை வந்து நின்றுவிட்டது. சரி, ஒரு நாள்தானே என்று லேப்டாப்பை அங்கேயே வைத்தான்.

படம் கண்ணாடியாக வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே, “சும்மாதானே இருக்கீங்க” என்று ஒரு தட்டு அவன் முன்னால் வந்தது. முதலில் வெங்காயம், அப்புறம் பூண்டு, அப்புறம் பீன்ஸ். கண்ணீர் வழிய வழியச் சுட்டு ஜெயித்தான். “கேப்டன் அழுவாத லா!” என்று குகனேஸ்வரனே நெகிழ்ந்தான்.

வெற்றிக் களிப்பில் ஹெட்போனைக் கழற்றினான் புனிதன். ஹாலில் யோகேஸ்வரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குகனேஸ்வரன் பொண்டாட்டி.

“கறியெல்லாம் எதுக்குக்கா? வெறும் தண்ணிக் கோப்பையை வச்சு மைக்ரோவேவை முடுக்குங்க, ஒரு வாரம் போதும். கேபிளை மட்டும் டேப்பு வச்சு குசினி வரைக்கும் அளந்து வாங்கிருங்க. ஒரு முழம் கூடுனாலும் ரூமுக்கு ஓடிருவாங்க.”