அத்தாவுல்லாவின் கடப்பாரை

"பாய், இது கடப்பாரையா, கருவாட்டு வாலா?"

தேசப்பன் தூக்கிப் போட்ட கடப்பாரையின் நுனி வளைந்து கிடந்தது. ராயபுரத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த அத்தாவுல்லாவுக்குச் சுருக்கென்றது. அதில் அவருடைய பிறை முத்திரை இருந்தது. துறைமுகத்தில் பாதிப் பேர் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் சாமான் வாங்குகிறார்கள்.

"இன்னாத்துக்குடா எடுத்தே இத்த?"

"ஹார்பர்ல பெட்டி தொறக்கற வேலை. எல்லாருக்கும் காட்டட்டுமா?"

"வாயை மூடு. நாளைக்கு வா."

யுத்தத்தில் அடிபட்டு உடைக்கப்பட்ட கப்பலின் இரும்பு அது. கரிச்சத்துக் குறைவு, சுபாவத்திலேயே சாது. உலையில் சிவக்கவிட்டு நிமிர்த்தினார். இறுகுவதற்காகத் தண்ணீரில் முக்கப் போகும்போது ஜும்மாவுக்குப் பாங்கு கேட்டது. இரும்பை உலைச் சாம்பலில் செருகிவிட்டு ஓடினார். தொழுதுவிட்டு வருவதற்குள் அது சாம்பலுக்குள் நிதானமாக ஆறி, இன்னும் சாதுவாகிவிட்டது.

"பேஜாரா பூட்ச்சு பாய்! இந்தத் தபா பாதியிலேயே மடங்கிக்கிச்சு."

அத்தாவுல்லாவுக்கு வந்ததே கோபம். பொறி பறக்க வெள்ளையாகக் காய்ச்சி, தண்ணீரில் முக்கினார். அளவு மீறிக் காய்ச்சினால் இரும்புக்குள் இருக்கும் பொடி மணிகள் பருத்துவிடும், அவற்றுக்குள் ஒற்றுமை போய்விடும். அது அவருக்குத் தெரியும். அவருடைய கோபத்துக்குத் தெரியவில்லை.

தேசப்பன் இரண்டு துண்டாகக் கொண்டுவந்தான். முறிந்த இடம் கல்கண்டாக மின்னியது.

"கடப்பாரை கேட்டா மிட்டாய் செஞ்சு குடுக்கறியே பாய்!"

அந்த வார்த்தையை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆடு வெட்டும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து எலும்பு வரவழைத்துக் கரியாக்கினார். புதுக் கடப்பாரை ஒன்றை அடித்து, அதன் நுனியை எலும்புக்கரி நிரம்பிய டின்னில் செருகி, களிமண் பூசி உலையில் புதைத்தார். இரும்பின் தோலில் கரி ஊறி இறுக வேண்டும். உள்ளே மட்டும் பழைய சாதுவாகவே இருக்க வேண்டும்.

நாற்றம் அடுத்த சந்திலிருந்த அவருடைய வீடுவரை போயிற்று. மனைவி அஜீசுன்னிசா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"தெருவே என்னைத் திட்டுது. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீங்க இந்த எலும்பைக் கட்டிக்கினு இங்கயே படுங்க!"

"வூட்டைப் பூட்டிக்கினு போ," என்றார் அவர், துருத்தியை விடாமல்.

கரி ஊறிய பிறகு ஆறவிட்டு, அளவாக இன்னொரு முறை காய்ச்சி முக்கினார். நெடுநேரச் சூட்டில் பருத்திருந்த மணிகள் மறுபடி பொடிப்பொடியாகிவிட்டன. அரத்தைப் போட்டால் அரம்தான் வழுக்கியது.

தேசப்பன் தட்டிப் பார்த்தான். "உன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும் பாய்!" என்று அதைத் தோளில் சாத்திக்கொண்டு போனான்.

அசதியில் அத்தாவுல்லா பட்டறையிலேயே தூங்கிப்போனார். காலையில் எழுப்பியவர் ஒரு போலீஸ்காரர். கையில் அந்தக் கடப்பாரை.

"இது உன் முத்திரைதானே பாய்?"

"ஆமா. வளைஞ்சுதா?"

"இல்லே."

"ஒடைஞ்சுதா?"

"அதுவும் இல்லே."

அத்தாவுல்லா நெஞ்சை நிமிர்த்தினார். "அப்பாலே இன்னா குறை கீது இதுல?"

"ஒரு குறையும் இல்லே. உன் பழைய கடப்பாரைக்கு சேட்டு வூட்டுப் பூட்டு, மண்டிப் பூட்டு எல்லாம் தாங்கிக்கிச்சு. இதுக்கு உன் வூட்டுப் பூட்டுதான் பாய் தாங்கலே."