ஒரு சின்னச் சந்தேகம்

கூட்டங்களில் எழுந்து சந்தேகம் கேட்கிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. பல கூட்டங்களில் உட்கார்ந்து, முதுகு நொந்து, நான் சொந்தமாகக் கண்டுபிடித்த உண்மை இது. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் ஊரில் கூட்டமே நடப்பதில்லை என்று அர்த்தம்.

கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் இந்த இனம் செழித்து வளர்கிறது. தென்னைக்குப் பிடித்த மண் இதற்கும் பிடித்துப்போயிற்று போலும். வாசகசாலையில் மாதம் ஒரு சொற்பொழிவு வைக்கிறோம். வைத்தியத்தில் என்ன புதிது, படிப்பில் என்ன புதிது, தொழில்நுட்பத்தில் என்ன புதிது என்று பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் படித்தவர்கள் வந்து சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது முதல் பாதி. அதன் பிறகு சென்னியப்பன் எழுந்து பேசுவது இரண்டாம் பாதி. எது நீளம் என்று சொல்ல வேண்டுமா?

சென்னியப்பன் தென்னந்தோப்புக்காரர். நல்ல மனிதர். கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார், ஆனால் முதல் வரிசையில் உட்கார மாட்டார். மூன்றாம் வரிசை, நடைவழி ஓரம், மைக் எந்தப் பக்கம் போனாலும் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பேச்சாளர் வாயைத் திறந்ததும் கொஞ்ச நேரம் தலையாட்டுவார். ரசித்து ஆட்டுகிற ஆட்டம் அல்ல. பரீட்சைத்தாள் திருத்துகிறவர், 'பரவாயில்லை, இதுவரைக்கும் சரி' என்று ஆட்டுகிற ஆட்டம். அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே தயாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

எல்லையோரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். மேடையில் மலையாளத்தில் சொன்னதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். எங்களில் யாருக்கும் மலையாளம் புரியாமலில்லை. ரேஷன் கடை தொடங்கி வில்லேஜ் ஆபீஸ் வரைக்கும் அதில்தான் மல்லுக்கட்டுகிறோம். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இந்த மரியாதை சென்னியப்பனுக்குக் கிடைத்த வரம். சந்தேகத்தை முதலில் விருந்தாளிக்காக மலையாளத்தில் கேட்பார். பிறகு நமக்காகத் தமிழில் கேட்பார். நடுநடுவே தமக்காக இங்கிலீஷில் நாலு வார்த்தை போட்டுக்கொள்வார். தமிழில் வந்துகொண்டிருக்கும்போது மலையாளத்தில் விட்டுப்போன விஷயம் ஒன்று ஞாபகத்துக்கு வரும், அதற்காகத் திரும்பவும் அந்தப் பக்கம் போவார். அதுவரைக்கும் மற்றவர்களின் கேள்விகள் செக்போஸ்ட்டில் லாரி நிற்பதுபோல் வரிசையாக நிற்கும்.

டிரோனில் மருந்தடிப்பது பற்றிப் பேச ஓர் இன்ஜினியர் வந்தார். சென்னியப்பனின் சந்தேகம் அவர் அப்பா கிணறு வெட்டிய கதையில் புறப்பட்டு, பெங்களூரில் இருக்கிற மகன் சம்பளத்தில் போய் நின்றது. இன்ஜினியர் பறக்கவிட வைத்திருந்த டிரோன் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. கம்ப்யூட்டரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற காலம் வருகிறது என்று ஒரு பேராசிரியை விளக்கினார். "அந்தக் கம்ப்யூட்டரு காதைத் திருகுமுங்களா?" என்றார் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தோம். கைதட்டினோம். தீனி போட்டு வளர்ப்பதே நாம்தானே?

இதுவரைக்கும் வெறும் வேடிக்கை. இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சர்க்கரை வியாதியில் வருகிற கால் புண்ணைப் பற்றிப் பேசத் திருச்சூரிலிருந்து டாக்டர் ஜிஸ்மி வந்திருந்தார். சர்க்கரை இல்லாத வீடு எங்கள் பஞ்சாயத்தில் ஏது? உட்கார இடமில்லை. என் பக்கத்தில் கமலாத்தாள். அவர் வீட்டுக்காரர் குப்பண்ணன் தோப்பில் மட்டை பொறுக்கும்போது காலில் ஏதோ குத்தி, அந்தப் புண் ஆறவே இல்லை. இரண்டு விரலை எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புண்ணின் போட்டோ கமலாத்தாளின் செல்போனில் இருந்தது.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, எல்லாப் புண்ணுக்கும் வெட்ட வேண்டியதில்லை. ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தே காலைக் காப்பாற்றுகிற சிகிச்சைகள் வந்துவிட்டன. இரண்டு, சீழ் எலும்புக்குப் போயிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. விரலோடு போவது காலோடு போய்விடும்.

"இந்த ரெண்டுல எங்க ஊட்டுக்காரருக்கு எதுன்னு கேக்கோணுங்க" என்றார் கமலாத்தாள் என்னிடம்.

"கேளுங்கக்கா."

"இத்தன சனத்துக்கு முன்னாலைங்களா?"

ஆனாலும் கையைத் தூக்கினார். வாசகசாலைச் செயலாளர் சிவப்பிரகாஷ், "டாக்டரம்மா சீக்கிரம் கெளம்போணும், கேக்கறவங்க சுருக்கமாக் கேளுங்க" என்று சொல்லி மைக்கைக் கமலாத்தாள் பக்கம் கொடுத்தனுப்பினார். மைக் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை.

"ஒரு சின்னச் சந்தேகம்" என்றார் சென்னியப்பன்.

பித்தப்பையில் கல் எடுத்த கதை வந்தது. எடுத்த டாக்டரே இவரிடம் யோசனை கேட்ட கதை வந்தது. மனுஷனுக்குக் கால் என்பது தென்னைக்கு வேர் மாதிரி என்கிற தத்துவம் வந்தது. எல்லாம் மலையாளத்தில். தமிழுக்குத் திரும்பும்போது டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குத் தமிழ் மனசிலாகும் சார், தமிழிலேயே கேட்டா மதி, அது போதும்" என்றார். வேறு யாராவது இருந்தால் சந்தேகம் பாதியாகக் குறைந்திருக்கும். சென்னியப்பனோ, அனுமதி கிடைத்துவிட்டது என்று தமிழில் முதலிலிருந்து ஆரம்பித்தார். பித்தப்பை மறுபடியும் திறக்கப்பட்டது. கடைசியில் டாக்டர் பொறுமையாக, "உங்க கேள்வி என்ன சார்?" என்றார்.

"கேள்வின்னு ஒண்ணுமில்லீங் டாக்டர். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு சொல்லத்தான் எந்திரிச்சனுங்க."

பலத்த கைதட்டல். நேரமும் முடிந்தது. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தியவரும் சென்னியப்பனே.

கமலாத்தாள் போனைத் திறந்து பிடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார். நானும் பின்னால் போனேன். காரின் கதவை மறைத்து நின்று சென்னியப்பன் இளநீர்க் குலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மாவுக்கு நேரமாச்சு அம்மிணி. எங்கிட்டக் காட்டு, நாஞ் சொல்றேன்."

"அவங்ககிட்டவே காட்டட்டுமுங்க" என்றேன் நான்.

"நீங்க வேற. தலவலியோட போறாங்க, பாவம்" என்று கதவைச் சாத்திவிட்டார். டாக்டருக்கு ஏன் தலைவலி என்று அவருக்குத் தெரியுமா? கார் போய்விட்டது.

பிறகு சென்னியப்பன் போனை வாங்கிப் போட்டோவை விரலால் பெரிதாக்கினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "இது மேந்தோலுப் புண்ணுதான் அம்மிணி. டாக்டரம்மா சொன்னதக் கேட்டயில்ல? ரத்த ஓட்டத்தச் சரி பண்ணுனாப் போதும், வெட்டவே வேண்டாம்."

"ரெண்டாவதா ஒண்ணு சொன்னாங்களேங்கண்ணா?"

"அது முத்திப்போனவங்களுக்கு."

"நெசமாத்தானுங்களா?"

"நாந்தான் சொல்றேனல்ல."

விரல் பிழைக்கும் என்று ஒருவர் சொன்னால் எந்த மனைவிக்குத்தான் நம்பாமலிருக்க மனம் வரும்? ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்ற என் பேச்சு எடுபடவில்லை. எனக்குத்தான் மைக்கில் பேசத் தெரியாதே. திங்கட்கிழமை அவர்கள் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. காய்ச்சல் வந்து, கால் கறுத்து, அலறியடித்துக்கொண்டு தூக்கிப்போனபோது இரண்டு விரல் என்கிற பேச்சே இல்லை. முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

சென்னியப்பன் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். "காலத்தோட கூட்டீட்டுப் போயிருக்கோணும் அம்மிணி" என்று கண்டித்துவிட்டு வந்தார். சத்தியமாக. மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா என்கிறீர்களா? இரண்டும் இல்லை. சொல்வது அவர் வேலை. சொன்னது எங்கே போய் முடிந்தது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. கமலாத்தாள் ஆரஞ்சைத் தொடவில்லை.

போன மாதம் செயற்கைக் கால்களைப் பற்றிச் சொற்பொழிவு. கோகுல்நாத் என்று ஓர் இளைஞர், அதைச் செய்கிற தொழிலிலேயே இருப்பவர், விதவிதமான கால்களை மேஜைமேல் பரப்பி வைத்துப் பேசினார். குப்பண்ணன் கக்கத்தில் கட்டையோடு முன்வரிசையில் இருந்தார். பேச்சு முடிந்தது. மூன்றாம் வரிசை எழுந்தது.

"ஒரு சின்னச் சந்தேகம். எங்க ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்குதுங்க" என்று குப்பண்ணனை நோக்கிக் கையை நீட்டினார். நாட்கணக்கில் அலட்சியம் செய்கிறவர்களின் கதி என்ன ஆகும் என்று மலையாளத்தில் விவரித்தார். குப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். விவரித்து முடித்து, தமிழுக்காகத் தொண்டையைக் கனைத்தபோது கமலாத்தாள் எழுந்தார். நடந்து வந்தார். சென்னியப்பன் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழ இல்லீங்க. தோப்புல, வாய்க்கா வரப்புல நடக்கற மாதிரிக் காலு இதுல எதுங்க?"

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கோகுல்நாத் மேடையைவிட்டு இறங்கி வந்து குப்பண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கச் சொல்லி அளவு பார்க்கத் தொடங்கினார். எங்கள் வாசகசாலையில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சென்னியப்பன் என் காதருகே குனிந்து, "நல்ல கேள்விதான். இன்னங் கொஞ்சம் வெளக்கமாக் கேட்டிருக்கலாம்" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குள் ஏதோ முணுமுணுத்ததே, அது என்ன? கமலாத்தாள் அன்றைக்கே வேறு டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும், இந்த மாதிரிப் புண்ணுக்கு எங்கள் சித்தப்பா ஒன்று செய்தார் என்று ஒரு யோசனை உங்கள் நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்கிறதல்லவா?

சென்னியப்பனாவது புண்ணைப் போட்டோவில் பார்த்தார்.