நாக்கு செத்த முதலாளியின் சாம்பார்

பழவங்காடி, திருவனந்தபுரம்
12-11-1974

மகாராஜராஜஸ்ரீ மச்சான் ஆறுமுகநயினார் அவர்களுக்கு, உங்கள் தங்கை செண்பகவல்லியைக் கட்டிக்கொண்ட பிச்சைக்கனி பணிவுடன் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கையும் ஓட்டலும் சுகம். அங்கு அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, மச்சான், என் நாக்கு செத்துவிட்டது. வைகாசியில் இங்கே பிடிக்கும் இடவப்பாதி மழையில் வந்த காய்ச்சல் போகும்போது ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பும் சீனியும் எனக்கு ஒன்றுதான். உங்கள் தங்கையிடம்கூட மூச்சுவிடவில்லை. அவள் வாய் தவறிச் சொன்னால் சரக்கு மாஸ்டர் வன்னியராஜ் காதுக்குப் போய்விடும். நானோ கல்லாவில், அவனோ அடுக்களையில். என்ன போடுகிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும், என்னிடம் இருந்தது இந்த நாக்கு ஒன்றுதான். போன வருஷம் நான் சங்கரன்கோயில் கல்யாணத்துக்குப் போன அன்று அவன் வைத்த ரசத்தில் கை கழுவலாம். முதலாளிக்கு ருசி தெரியாது என்று தெரிந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆகவே தினமும் காலையில் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சி, கண்ணை மூடி யோசிக்கிறேன். எப்போதும் நன்று என்றால் சந்தேகப்படுவானே, அதனால் ஒருநாள் உப்பு குறைவு என்பேன், ஒருநாள் புளி தூக்கல் என்பேன். எல்லாம் குத்துமதிப்பு. அவனும் பயந்துபோய் அள்ளிப் போடுகிறான். சரிதானா என்று கேட்க தினமும் முதல் பந்தியில் சாப்பிட உட்காரும் கிளார்க் வேதமாணிக்கத்தை நம்பினேன். அந்த மனுஷர் இரண்டாவது அப்பளத்துக்காக, சாம்பார் இலையில் விழும் முன்பே "ஒண்ணாந்தரம், கேட்டோ" என்றுவிடுகிறார். ஆனாலும் கூட்டம் முன்னைவிட அதிகம். என் மிரட்டலுக்கு வன்னியராஜ் அத்தனை கவனமாகச் சமைக்கிறான். பாவம், நல்லவன். அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

அன்புள்ள,
பிச்சைக்கனி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வன்னியராஜ் வந்து கல்லா முன்னால் நின்று அழுதான். "மொதலாளி, அந்த மழைக் காய்ச்சல் எனக்கும் வந்துச்சுல்லா, அன்னையிலேருந்து ருசியே தெரியல. நீங்க சொல்லுதத நம்பித்தான் உப்புப் போடுதேன்." அவனைக் கட்டிக்கொண்டு நானும் உண்மையைச் சொன்னேன். பின்னே கூட்டம் எப்படி வந்தது என்று இருவரும் விழித்தபோது உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து வந்தாள். நாங்கள் நகர்ந்ததும் தினமும் உருளைக்கிழங்கைப் போட்டும் வெந்நீர் விட்டும் சரிக்கட்டியது அவள்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா, நான் பாத்துக்கிடுவேன்னு ரெண்டு பேரும் சும்மா இருந்திருப்பீங்க" என்றாள். தங்கையை இப்படி வளர்த்ததற்கு உங்களைத் திட்டுவதா, கும்பிடுவதா தெரியவில்லை மச்சான். கும்பிட்டே வைக்கிறேன்.