செவலையிடம் சொன்ன சேதி

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்ள ஒரு மாடு தேவைப்பட்டது. இந்தக் காலத்திலுமா என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் கேட்டேன். பி.காம். படித்தவள், ஒட்டன்சத்திரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், எதிர்த்துப் பேசியே ஒரு மேனேஜரை ராஜினாமா செய்ய வைத்தவள் நான். அப்படிப்பட்டவள் மாமனார் தலை தெரிந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வேன். அதுதான் மரியாதையாம். மாமியார் இருந்தவரை பேச்செல்லாம் அவர் வழியாகப் போய் வந்தது. அவர் காலமான பிறகு என் மகன் வழியாகப் போனது. அவனைப் பழனியில் ஹாஸ்டலில் சேர்த்த பிறகு வீட்டில் மிச்சம் இருந்தது செவலைப் பசு ஒன்றுதான்.

மாமனார் தொழுவத்தில் நின்றுகொண்டு, "ஏ செவலை, இன்னைக்கு வெஞ்சனம் என்னன்னு தெரியலையே" என்பார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கத்தரிக்கா வதக்கிருக்கு செவலை" என்பேன். அது பாட்டுக்கு அசை போடும். கரண்ட் பில், காஸ் சிலிண்டர், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் இப்படித்தான் முடிவாகும். பழகிவிட்டால் எந்தப் பைத்தியக்காரத்தனமும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் மாமனாரின் அண்ணன் இறந்துபோனார். குடலில் புற்றுநோய். ரத்தம் போனதை மூலம் என்று அவராகவே முடிவுகட்டி, யாரோ கொடுத்த சூரணத்தைத் தின்றுகொண்டு காலத்தை ஓட்டிவிட்டார். தெரிய வந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசி நாட்களில் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். அண்ணனுக்கு இருந்திருக்கிறது, தம்பிக்கும் பார்த்துவிட வேண்டும், குழாய் விட்டுப் பார்ப்பதுதான் சரி என்றாராம் டாக்டர். என் வீட்டுக்காரர் முழித்த முழியைப் பார்த்துவிட்டு, சரி, உங்கள் அப்பா அதற்குச் சம்மதிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம், முதலில் மலத்தைச் சோதிப்போம், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிவிடும், ஊசிகூடக் கிடையாது என்று ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து அனுப்பினார். மூடியைத் திருகித் திறந்தால் அதோடு ஒரு குச்சியும் வரும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

என் வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் யானை குறுக்கே வந்தாலும் அசராதவர். அந்த வீரர் குப்பியை என் கையில் திணித்து, "அப்பாகிட்ட சொல்லிரு" என்றார். ஒங்கப்பாதான, நீங்க சொல்லுங்க என்றேன். லோடு ஏற்றியாகிவிட்டது என்று திருச்சூருக்குக் கிளம்பிவிட்டார். போனில் சொல்லச் சொல்லலாம் என்றால், மாமனார் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டு டீக்கடைக்கே ஒலிபரப்புகிறவர்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமனார் ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டார். ஐயோ, அவர் அண்ணனும் இப்படித்தானே குறைத்தார் என்று மிஞ்சிய தோசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கக்கூஸ் பக்கம் போனால் எப்போது வெளியே வருகிறார் என்று என் காது அங்கேயே நின்றது. (எந்த மருமகளுக்கும் வரக்கூடாத பழக்கம்.) போதாக்குறைக்குச் செவலைக்கும் அந்த வாரம் வயிறு சரியில்லாமல் கழிந்துகொண்டிருந்தது. மாட்டு டாக்டர் வந்தபாடில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பாலைப் பொங்கவிட்டேன், குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

எனக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லைதான். ஆனாலும் வேலை முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம், எனக்காக வந்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டார்ச் லைட்டோடு நிற்பார். நான் முன்னால் நடக்க, வெளிச்சம் பின்னாலிருந்து வரும். அந்த மனிதரைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

சாயந்தரம் அவர் தொழுவத்தில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். நான் குப்பியை நீட்டிப் பிடித்து, மாட்டின் மூஞ்சியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"செவலை, டாக்டர் இதக் குடுத்துவிட்ருக்காரு. விடிஞ்சதும் போறதத் தண்ணி படாம பிடிச்சு, இந்தக் குச்சியால நாலு எடத்துல குத்தி எடுத்து, குப்பிக்குள்ள விட்டு மூடிரணுமாம். ரெத்தம் இருக்கான்னு பாக்கத்தான். பயப்பட ஒண்ணுமில்ல."

மாமனார் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். "சரி செவலை, விடியால எடுத்துருவோம்" என்றார். அப்பாடா என்று நான் உள்ளே ஓடிவந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். இந்த வேலையை இவ்வளவு நாசூக்காக முடிக்க ஊரில் எவளால் முடியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

காலையில் தொழுவத்து ஜன்னலில் குப்பி தயாராக இருந்தது. துடைத்து, பழைய துணியில் சுற்றி, வாழைநாரால் கட்டியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பொறுப்பு, என்ன சுத்தம்! கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினேன். பையைக் கீழே வைக்கவும் பயம், மடியில் வைக்கவும் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பையைத் தாம் வைத்துக்கொள்வதாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கன்னிவாடி தாண்டியதும் நான் எழுந்து, திண்டுக்கல்வரை நின்றுகொண்டே போனேன். லேபில் இருந்த பெண், காலையில் எடுத்ததுதானா என்று கேட்டாள். பிசகில்லாமல் எடுத்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் கடையில் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. ஜாக்கெட் துணி எடுத்த ஒரு அம்மாவுக்குப் பட்டுப்புடவை பில்லைப் போட்டுவிட, அவர் கடையையே இரண்டாக்கிவிட்டார். அந்தச் சண்டைக்கு நடுவில் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. ரத்தம் இல்லை. குடோனுக்குள் போய், போர்வைக் கட்டின் மேல் தலையை வைத்து அழுது தீர்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேசரி கிண்டினேன். என் வீட்டுக்காரர் நேந்திரம் சிப்ஸோடு வந்துவிட்டார். சின்னாளப்பட்டியிலிருந்து நாத்தனாரும் வந்திருந்தாள். எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. மாமனார் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு மகனிடம் சொன்னார்:

"இந்தப் புள்ளைக்கு இருக்குற அக்கறை ஒருத்தருக்கும் வராதப்பா. மாட்டுச் சாணிய டவுனு வரைக்கும் கொண்டுபோயிப் பாத்துட்டு வந்துருக்கு."

என் வீட்டுக்காரர் வாயில் சிப்ஸ் அப்படியே நின்றது. முதலில் புரிந்துகொண்டவள் நாத்தனார்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். என் வீட்டுக்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் மாமனாருக்கு இன்னும் யாரும் எதுவும் பார்க்கவில்லை. போனில் வந்தது செவலையின் நற்சாட்சி. இரண்டு நாள் பயமும் மொத்தமாகத் திரும்பி வந்தது.

நீங்க சொல்லுங்க என்று வீட்டுக்காரருக்குச் சைகை காட்டினேன். அவர் ஃபேனைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தேன். பொம்பளப்புள்ள நான் எப்படி மதினி சொல்றது என்று முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் செய்த காரியம் இருக்கிறதே, மெதுவாகத் தலையைத் தொழுவத்துப் பக்கம் திருப்பினார். மாட்டிடம் சொல்லப் போகிறார்! எனக்கு வந்ததே கோபம். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நேரே போய் மாமனாருக்கு எதிரில் நின்றேன்.

"மாமா. மாடு இல்ல மாமா, நீங்க. ஒங்களுக்குத்தான் பாக்கச் சொன்னாங்க. பெரிய மாமாவத் தூக்கிக் குடுத்த மாதிரி ஒங்களையும் குடுக்க என்னால ஆகாது. நாளைக்கு இன்னொரு குப்பி வாங்கியாறேன். வெளிக்குப் போறப்ப எடுத்துக் குடுங்க."

பதினேழு வருஷத்தில் மாமனாரின் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு இதுதான். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இத மொதல்லயே என் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கென்ன தாயி? அன்னைக்கே குடுத்துருப்பேன்ல" என்றார். மிச்சக் கேசரியையும் வழித்துத் தின்றார்.

மறுநாள் லேபுக்குப் போய், முன்பு கொடுத்தது அவருடையது இல்லை என்றேன். பின்னே யாருடையது என்றாள் அந்தப் பெண். எங்கள் செவலையுடையது என்றேன். அவங்க வயசு என்ன என்று கேட்டுப் பேனாவை எடுத்தாள். வேறு வழியில்லாமல், ரெண்டு ஈத்து ஆயிருச்சு என்றேன். லேபே சிரித்து ஓய்ந்த பிறகு அவள் ஒன்று சொன்னாள். இந்தச் சோதனை மனுஷ ரத்தத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும். மாட்டுக்கு ரத்தமாகவே போயிருந்தாலும் இல்லை என்றுதான் வந்திருக்கும். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டை நம்பி நாங்கள் எத்தனை வருஷம் நிம்மதியாகக் கேசரி தின்றிருப்போம்.

மாமனாரின் குப்பியில் ரத்தம் இருந்தது.

ரத்தம் இருந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, ஆனால் இனிக் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மதுரைக்குப் போனோம். குடலைச் சுத்தம் செய்ய ஏதோ மருந்தைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு தடவை பேசிவிட்ட தைரியத்தில் மாமனார் கக்கூஸுக்குள்ளிருந்தே, ஏத்தா, இப்பத் தண்ணியா போகுது, இம்புட்டுப் போதுமா என்று வார்டுக்கே கேட்கும்படி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கட்டி. புற்றுதான். பரவுவதற்கு முன்னால் பிடித்துவிட்டீர்கள் என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தேறி வந்துவிட்டார். சொன்ன தேதியில் செக்கப்புக்கு அவரே என்னைக் கிளப்பிக்கொண்டு போகிறார்.

அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் நாத்தனார் என்னை இழுத்து நிறுத்தி, எங்க மதினி மாமனாருகிட்ட மொத மொதல்ல என்ன பேசுச்சு தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவாள். நான் தூணுக்குப் பின்னால் போய் ஒளிவேன்.

போன ஆவணியில் பழனியில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமனாருக்குப் பக்கத்து இலை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. கல்யாணப் பெண் பாயச வாளியோடு வந்தாள். புது மாமனாரைக் கண்டதும் தலையைக் குனிந்து, போடட்டுமா என்று பக்கத்துத் தூணிடம் கேட்டாள். என் மாமனார் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"தம்பி, மருமகள நேரா பேசவிடு. இல்லைன்னா ஒரு நாளு மாட்டுச் சாணியப் பாத்துட்டு ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துருவாங்க. இந்நேரம் என்னையப் பொதச்சிருப்பாங்க."

பாயசத்தை வாயருகே கொண்டுபோன ஒருவர் அதைத் திரும்ப இலையில் வைத்தார். மாமனார் எதையும் கண்டுகொள்ளாமல் எதிர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "என்னத்தா, சரிதான?" என்றார்.

இருநூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சரிதான் மாமா" என்றேன், கடைசி இலைவரைக்கும் கேட்கும்படி.